பிள்ளையார் இருந்தா மாமன் வீடா?

வா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. பாங்காக்குல வேலை கெடைச்சிருச்சு, விசா வந்துருச்சு, புதுப் பெட்டி வாங்கியாச்சு, அதுக்குள்ள வைக்கக் கூலிங் கிளாசும் வாங்கியாச்சுன்னு உங்க ஆத்தா ஊரு பூராவும் சொல்லி முடிச்சுட்டா. நானும் அங்க சிலோம் பக்கத்துல ஒரு கல் யாவாரிகிட்ட எடுபிடியா இருந்து, தலை நரைக்கிற வரைக்கும் அந்த ஊருச் சோத்தைத் தின்னவன்தான். அதனால நாலு வார்த்தை சொல்லி அனுப்புறேன். கேட்டா உனக்கு நல்லது. கேக்காம போனா, அங்கேருந்து எனக்கு வர்ற செய்தி இன்னும் சுவாரசியமா இருக்கும்.

வெள்ளைக்காரனுக்கு அங்க எறங்குனதும் ஒண்ணும் வெளங்காது. வெளங்காதவன் பதனமா நடப்பான், நாலு பேரு என்ன செய்யிறாகன்னு பாத்துச் செய்வான். நம்மாளுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. விமான நிலையத்துக்குப் பேரே சுவர்ணபூமி. உள்ள நொழைஞ்சா தேவரும் அசுரரும் வாசுகியைப் புடிச்சுப் பாற்கடலைக் கடைஞ்சுக்கிட்டு நிக்கிறாக. ராஜாக்களுக்கு வரிசையா ராமர்னு பட்டம், இப்ப இருக்குறவரு பத்தாவது ராமர். பழைய தலைநகரம் அயுத்தயா. நம்மூர்ல பிரம்மாவுக்குக் கோயிலைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். அங்க ராட்சப்ரசோங் முக்குல 1956-ல அவருக்குக் கோயில் வச்சு, நெனைச்சது நடந்தவுக ஆட்டக்காரப் பொண்ணுகளுக்குக் காசு குடுத்து ஆடவிட்டு நேர்த்திக்கடன் தீக்கிறாக. பெரிய கடைவீதி வாசல்ல பிள்ளையாரு உக்காந்திருக்காரு. இதையெல்லாம் பாத்ததும் நம்ம பய, 'அட, மாமன் வீடு'ன்னு காலை நீட்டிருவான். வழுக்குறது அங்கதான். தெரியாத எடத்துல எவனும் விழ மாட்டான் மாப்ள.

மொதல்ல கும்பிடு. கை சேக்குறது நம்ம மாதிரிதான். ஆனா நீ ஓட்டுக் கேட்டு வந்தவன் மாதிரி கண்டவுகளுக்கெல்லாம் கும்பிடு போடக் கூடாது. சின்னவுக மொதல்ல கும்பிடணும், பெரியவுக திருப்பிக் கும்பிடுவாக. எதிர்ல நிக்கிறவுக எவ்வளவு பெரியவுகளோ அந்த அளவுக்குக் கை மேல போகும், தலை கீழ குனியும். ஓட்டல்ல தண்ணி கொண்டாந்த பையனுக்கு நீ முந்திக்கிட்டுக் கும்பிட்டா அவன் என்ன செய்யிறதுன்னு தெரியாம நெளிவான். காவி கட்டுன துறவியைக் கும்பிட்டா அவரு திருப்பிக் கும்பிட மாட்டாரு, மொறைக்காத. காலையில அவரு பாத்திரத்துல சோறு போடுறதுக்கு நம்ம ஆளுகளும் ஆசையாப் போவாக. போட்டுட்டு 'தேங்க்ஸ் சொன்னாரா'ன்னு மூஞ்சியைப் பாப்பாக. சொல்ல மாட்டாரு. அவரு வாங்கிக்கிட்டதுக்கு நீதான் கடமைப்பட்டவன். செருப்பைக் கழட்டிட்டுக் குனிஞ்சு நில்லு, முடிஞ்சது.

காலு விசயம் உனக்கே தெரியும். மேல பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற ஊர்லதான் பொறந்த. அங்க அதுக்கும் ஒருபடி மேல. காலு மேல கால் போட்டு, பாதம் ஒரு பெரியவரைப் பாத்த மாதிரியோ புத்தரைப் பாத்த மாதிரியோ உக்காராத. காசு உருண்டு ஓடுனா மிதிச்சு நிறுத்தாத, அதுல ராஜா தலை இருக்கு. தலைதான் உன்னை மாட்டி விடும். பக்கத்து வீட்டுப் புள்ளையைப் பாத்தா நம்ம கை தானா உச்சந்தலைக்குப் போகும், ஆசீர்வாதம். அங்க தலை ஒசந்த எடம், வெளியாளு தொடக் கூடாது. உங்க அப்பன் மாதிரி கூட வேலை பாக்குறவன் மண்டையில செல்லமாத் தட்டி 'என்னடா'ன்னு கேக்குற பழக்கம் இருந்தா, அதைப் பெட்டியில வைக்காத.

ராஜா பேச்சுன்னு வந்ததால இதையும் கேட்டுக்க. நம்மூர் டீக்கடையில ராத்திரி வரைக்கும் முதலமைச்சரு முதக்கொண்டு எல்லாரையும் கிழிச்சுத் தோரணம் கட்டுவ. அங்க அந்த வாயைச் சுங்கச்சாவடியிலயே குடுத்துட்டுப் போ. 112-ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ராஜ குடும்பத்தைப் பழிச்சுப் பேசுனதுன்னு ஒண்ணு நிரூபணம் ஆனா 3 வருசத்துலேருந்து 15 வருசம். ரெண்டு தடவை பேசியிருந்தா ரெண்டுக்கும் தனித்தனியாக் கணக்கு. நான் இங்க உக்காந்துக்கிட்டும் இதுக்கு மேல பேச மாட்டேன். காலையில 8 மணி, சாயங்காலம் 6 மணி, ரயிலடியிலயும் பூங்காவுலயும் தேசிய கீதம் போடுவாக. நடந்துக்கிட்டிருக்குறவுக அப்படியே நிப்பாக. நீயும் நில்லு. ஓடிப்போயி ரயிலைப் புடிச்சுராத, அடுத்த ரயிலு வரும்.

சரி, இப்ப விசயத்துக்கு வருவோம். உன் தொண்டை. நீ போன்ல பேசுனா எதிர்ல இருக்குறவனுக்குப் போனே வேண்டாம், சன்னலைத் திறந்து வச்சாப் போதும். அங்க சாலையில அவ்வளவு வண்டி தேங்கி நிக்கும், ஆரன் சத்தம் கேக்காது. நான் போன புதுசுல காதுல ஏதோ கோளாறுன்னு நெனைச்சேன். ஆரன் அடிக்கிறது அங்க திட்டுறதுக்குச் சமானம். கோவத்தை வெளிய காட்டுனவன் தோத்தவன், அவ்வளவுதான் கணக்கு.

நம்ம பய ஒருத்தன், பேரு வேண்டாம், வாடகை ரூமுல ஏசி ஒழுகுதுன்னு கீழ ஆபீசுக்குப் போயி மேசையைத் தட்டிக் கத்துனான். அங்க உக்காந்திருந்த பொண்ணு சிரிச்சா. இவனுக்கு இன்னும் ஏறிக்கிச்சு. 'நான் கத்துறேன், நீ சிரிக்கிறியா?' அவ இன்னும் சிரிச்சா. அந்தச் சிரிப்பு வேற மாப்ள. உன்னைப் பாத்து அவளுக்குக் கூச்சமா இருக்கு, உனக்காக அவ வெக்கப்படுறா, இந்தாளு எப்ப நிறுத்துவான்னு தவிக்கிறா. எல்லாத்துக்கும் சேத்து ஒரே சிரிப்பு. 'சரி, ஆள் அனுப்புறேன்'னு மரியாதையாச் சொன்னா. மழைக்காலம் முடியிற வரைக்கும் ஏசி ஒழுகுச்சு. வாளி வச்சுப் புடிச்சான். எதிர் ரூமுல இருந்த மலையாளத்தான் அதே பொண்ணுகிட்டப் போயி, ரெண்டு மாம்பழத்தை மேசையில வச்சுட்டு, 'உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும், என் ரூமுல கொஞ்சமாத் தண்ணி சொட்டுது'ன்னு இழுத்திருக்கான். அன்னிக்குச் சாயங்காலமே மெக்கானிக் ஏணியோட வந்து நின்னான். நம்ம பய வாளியோட வெளிய வந்து பாத்துக்கிட்டு நின்னான். இவன் ரூமைத் தாண்டித்தான் மெக்கானிக் படியெறங்கிப் போனான்.

இன்னொண்ணு, 'முடியாது'ன்னு மூஞ்சிக்கு நேரா அவுக சொல்ல மாட்டாக. அடுத்தவுக மனசு சங்கடப்படக் கூடாதுன்னு ஒரு பதைப்பு அவுக ரத்தத்துலயே உண்டு. வழி கேட்டா, தெரியாதுன்னு சொல்லி உன்னைச் சங்கடப்படுத்துறதை விட, எதையாச்சும் ஒரு திசையைக் காட்டி விடுறவுகளும் இருக்காக. மூணு பேரைக் கேட்டுட்டு நட. நீ மட்டும் என்ன வாழுது? மச்சான் கடன் கேட்டா 'பாக்கலாம்'னு சொல்ற. அது என்ன தமிழ்ல 'சரி'யா? அதுக்கும் மேல, நீ தலையை ஆட்டுறது ஆமாவா இல்லையான்னு உன் பொண்டாட்டியா வரப்போறவளுக்கே புரியப் போறதில்ல. முடியாதுன்னு சொல்லாத ஒரு ஆளும், ரெண்டுக்கும் ஒரே ஆட்டு ஆட்டுற ஒரு ஆளும் எதிரெதிர உக்காந்து மீட்டிங் போட்டா, நல்லா ஏசி போட்ட ரூமுல ஒரு மத்தியானம் நிம்மதியாக் கழிஞ்சிரும்.

மீட்டிங்னதும் மணிக் கணக்கு ஞாபகம் வருது. கூட வேலை பாக்குறவன் 'இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குச் சாப்பிட வா'ன்னு கூப்பிட்டா, பேய் நடமாடுற நேரத்துல என்ன விருந்துன்னு மெரளாத. ராத்திரி 8 மணிக்குக் கூப்பிடுறான். பேச்சு வழக்குல நாளை நாலு துண்டாப் போட்டு எண்ணுறவுக அவுக. ராத்திரி 7 மணின்னா ஒண்ணு, 8 ரெண்டு, அப்படியே 11 மணி அஞ்சு. வருசமும் வேற. பால் பாக்கெட்டுல 2569-னு தேதி போட்டிருக்கும், ஐநூறு வருசம் கெடாத பாலுன்னு வாங்கி அடுக்காத. புத்தர் கணக்கு, 543-ஐக் கழிச்சுக்க. முந்தி ஏப்ரல்ல வருசம் பொறந்துக்கிட்டிருந்ததை ஜனவரிக்கு மாத்துனப்ப, 1940-ல வந்த அவுக 2483-ம் வருசத்துக்கு ஒம்பதே மாசந்தான். அந்த வருசம் வருச வட்டிக்கு வாங்குனவன் கதி என்னாச்சுன்னு நானும் விசாரிச்சுப் பாத்தேன், ஒருத்தரும் வாயைத் திறக்கல.

அப்படியும் ஏப்ரலை விடல. நம்ம சித்திரை பொறக்குற நாளை ஒட்டி, 13-லேருந்து 15 வரைக்கும் சொங்க்ரான். நாம பஞ்சாங்கம் வாசிப்போம், அவுக வாளியைத் தூக்குவாக. பெரியவுக கையில வாசனைத் தண்ணி ஊத்தி ஆசி வாங்குறது காலையில. அப்புறம் தெருவுல எறங்குனா ஊரே நனையும், மூஞ்சியில வெள்ளைச் சாந்தைப் பூசுவாக. வருசப்பொறப்புன்னு பட்டு வேட்டி கட்டிக்கிட்டு மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்புவியே, அந்த நடையை யாராச்சும் படம் புடிச்சு எனக்கு அனுப்பச் சொல்லு.

மாரியம்மனைச் சொன்னேன்ல. சிலோம் ரோட்டுல போன நூத்தாண்டுக்கும் முந்தி நம்ம சனங்க கட்டுன கோயிலு. கோபுரத்தைப் பாத்ததும் உனக்குத் தொண்டையை அடைக்கும், எனக்கும் அடைச்சுச்சு. உள்ள போனா வெள்ளை உடுத்துன தாய்லாந்துக்காரப் பொம்பளைங்க தட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வரிசையில நிப்பாக. 'இது எங்க ஆத்தா'ன்னு வரிசையைத் தாண்டி நீ முன்னாடி போனா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. சிரிப்பாக. எந்தச் சிரிப்புன்னு இப்ப உனக்குத் தெரியும். விசயதசமி ராத்திரி சிலோம் ரோட்டையே மறிச்சு ஆத்தா தேரு வரும். கூட்டத்துல நம்மாளைக் கண்ணாடி போட்டுத் தேடணும். அரண்மனைப் பிராமணருங்க மார்கழி தை வாக்குல நடக்குற விழாவுல நம்ம திருவெம்பாவையை அவுக நாக்குல வந்த மாதிரி ஓதுறாக. அந்த விழாவுக்கு வச்ச செவப்பு ஊஞ்சல் மரம் இன்னும் ஊரு நடுவுல நிக்குது, ஆடுறதை 1935-ல நிறுத்திட்டாக. 'ஐயையோ, உச்சரிப்பு சரியில்லையே, போயி நான் திருத்தட்டுமா'ன்னு உனக்குக் கை அரிக்கும். திருவெம்பாவை மொத வரியை இப்ப எனக்குச் சொல்லு பாப்போம். ம்? சரி, விடு.

சாப்பாடு. நம்ம ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் கடிச்சு வளந்தவன்னு அங்க போயி சவால் விடாத. பப்பாளிக்காயை உரல்ல இடிச்சுக் குடுக்குற கடையில அந்த அக்கா 'எத்தனை மிளகா?'ன்னு கேப்பா. சுண்டுவிரல் நகம் பருமன்தான் இருக்கும். ரெண்டுன்னு சொல்லு. பத்துன்னு சொன்னவன் ஒருத்தன் கண்ணு, மூக்கு, காதுன்னு மூணு வழியாவும் ஊருக்கு லெட்டர் போட்டதை நான் பாத்திருக்கேன். கரண்டி வலது கையில, முள்கரண்டி எடது கையில. முள்ளுல சோத்தைத் தள்ளிக் கரண்டியில ஏத்தித்தான் வாய்க்குக் கொண்டு போகணும், முள்ளு வாய்க்குப் போகக் கூடாது. கொழம்பு, பொரியல் எல்லாம் நடுவுல பொதுவா இருக்கும். ஒவ்வொண்ணா ஒரு கரண்டி எடுத்துத் தின்னுட்டு அடுத்த கரண்டிக்குப் போகணும். பந்தியில சாம்பார் வாளிக்காரன் திரும்ப வர மாட்டான்னு கொளம் கட்டுவ பாரு, அதை அங்க காட்டாத. கை நமநமன்னு அரிச்சா வடகிழக்கு இசான் பக்கம் போ; ஒட்டுச் சோத்தைக் கையால உருட்டித் தின்னலாம், ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாக.

சனிக்கிழமை சைவம்னு உங்க ஆத்தா சத்தியம் வாங்கியிருப்பா. 'கறி வேண்டாம், மீன் வேண்டாம், வெறும் காய்'னு நீ சொல்லுவ. அந்தம்மாவும் தலையாட்டி, வெறும் காயை வதக்கி, மேல மீன் சாத்தை ஒரு சுத்துச் சுத்தி ஊத்தும். அது மீனு இல்ல, அவுக கணக்குல உப்பு. பப்பாளிக்காயிலயும் காஞ்ச எறா கெடக்கும். மஞ்சக் கொடியில செவப்பு எழுத்து போட்ட கடையாப் பாத்துப் போ. சீனச் சனங்க நோன்புக்குக் கட்டுற கொடி அது, வெங்காயம் பூண்டு கூடக் கெடையாது. நம்ம புரட்டாசி வாக்குலதான் அந்த நோன்பும் வரும், தெருத்தெருவாக் கொடி பறக்கும். அந்தச் சமயத்துல மட்டும் உங்க ஆத்தாவுக்கு வீடியோ கால் போட்டு உன் பக்தியைக் காட்டிக்க.

ஒரு விசயத்துல மட்டும் நீ காலை நீட்டிக்கலாம்: பேயி, சாமி, லாட்டரி. எந்தக் கட்டடமானாலும் வாசல் மூலையில ஒரு தூணு மேல குட்டி வீடு இருக்கும், அந்த நெலத்து ஆவிக்குன்னு. நம்ம முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும். அங்க செவப்பு ஃபாண்டா, அதுவும் மூடியைத் திறந்து உறிஞ்சுகுழல் போட்டு வைப்பாக. வெயில்ல தாகத்துல எடுத்துக் குடிச்சுராத. மாசம் 1-ம் தேதியும் 16-ம் தேதியும் அரசாங்க லாட்டரி குலுக்கல், அவுக காசுல சீட்டு 80 பாத், மொதப் பரிசு 60 லட்சம் பாத். அதுக்கு முந்துன நாலஞ்சு நாளு ஊருல நடக்குறதெல்லாம் நம்பருதான். பழைய மரத்துல பவுடரைத் தேச்சு நம்பரு தெரியுதான்னு பாப்பாக. ரெண்டு தலைக் கன்னுக்குட்டி பொறந்தா மாலை போட்டு, அது எந்தத் தேதியில பொறந்துச்சுன்னு கேப்பாக. ராத்திரி கனவுல பாம்பு வந்தா காலையில ஆபீசுல அதைப் பத்தி ஆராய்ச்சி. நீ வண்டியில போயி விழுந்து கெடந்தா, ஓடி வந்து தூக்குவாக, தண்ணி குடுப்பாக, ஆசுபத்திரிக்கு அனுப்புவாக, எல்லாம் செய்வாக. நல்ல சனம். ஆனா நீ ஆம்புலன்சுல ஏறுனதும் உன் வண்டி நம்பர் பிளேட்டைச் சுத்தி ஒரு கூட்டம் நிக்கும். அந்த நம்பருக்குப் பரிசு விழுந்தா உனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து பாத்தாலும் பாப்பாக.

சட்டம் கொஞ்சம் சொல்லிர்றேன். 90 நாளைக்கு ஒருக்கா 'இங்கதான்யா இருக்கேன்'னு குடிவரவு ஆபீசுக்குத் தெரிவிக்கணும், மறந்தா அபராதம். வேலைச் சீட்டு கையில இருக்குன்னு கண்ட வேலையையும் பாக்க முடியாது. சம்பளம் பத்தலன்னு சாயங்காலம் முடி வெட்டவோ, ஊரு சுத்திக் காட்டவோ கிளம்பாத. அதெல்லாம் அவுக ஆளுகளுக்குன்னு ஒதுக்குன தொழிலு. நெலம் வாங்கணும்னா வெளிநாட்டான் பேருல வாங்க முடியாது. அடுக்குமாடியில ஒரு வீடு வாங்கிக்கலாம், அதுவும் அந்தக் கட்டடத்துல வெளிநாட்டான் பங்கு நூத்துக்கு 49-ஐத் தாண்டக் கூடாது.

நெலத்தைப் பத்தி ஏன் சொன்னேன்னா, உன் கண்ணு எங்க போகும்னு எனக்குத் தெரியும். போகட்டும், தப்பில்ல. அங்க பொண்ணுங்க கடையையும் கணக்கையும் ஒத்தைக் கையில தூக்கி நிறுத்துறவுக. ஆனா கல்யாணம்னா மாப்பிள்ளை வீடுதான் குடுக்கணும். சின்சோட்னு பேரு. பொண்ணு எத்தனை படிச்சிருக்கு, என்ன வேலை, குடும்பம் எப்படின்னு பாத்துப் பெரியவுக பேசி முடிப்பாக. கல்யாணத்தன்னிக்கு ரொக்கத்தையும் தங்கத்தையும் தட்டுல பரப்பி வச்சு, சனத்துக்கு நடுவுல பொண்ணோட ஆத்தா எண்ணும். தங்கத்தையும் பாத் கணக்குலதான் நிறுப்பாக, ஒரு பாத் 15 கிராமுக்குச் சொச்சம், நம்ம ரெண்டு பவுனுக்குக் கொஞ்சம் கொறைவு. சில வீட்டுல எண்ணிக் காட்டிட்டு, அப்புறம் புள்ளைங்க கையிலயே திருப்பிக் குடுத்துருவாக. சில வீட்டுல குடுக்க மாட்டாக. எந்த வீடுன்னு முந்தியே கேக்கக் கூடாது, அது அழகில்ல.

அதுக்கு முந்தி நீ பொண்ணு வீட்டுக்குள்ள போகணும்ல. நீள மத்தளம் அடிச்சுக்கிட்டு, வாழைக்கன்னும் கரும்பும் தூக்கிக்கிட்டு, உன் கூட்டாளிங்க ஆடிக்கிட்டு வருவானுக. வாசல்ல பொண்ணோட தோழிங்க ரெண்டு ரெண்டு பேரா தங்கச் சங்கிலியைக் குறுக்கப் புடிச்சு மறிப்பாக. உறை குடுத்தாத்தான் வழி. ஒரு வாசல் தாண்டுனா அடுத்த வாசல், மறுபடி உறை. உறையைக் கையில வாங்கித் தடவிப் பாத்துட்டு, 'இவ்வளவுதானா?'ன்னு கேப்பாளுக. அன்னிக்கு உன்னால கோவிச்சுக்க முடியாது, சிரிச்சுக்கிட்டே பையில கையை விடணும். அப்புறந்தான் ரெண்டு பேரு தலையையும் நூலால சேத்து, பெரியவுக சங்குல தண்ணி வாத்து ஆசி குடுப்பாக. இசான் பக்கத்துப் பொண்ணா இருந்தா, மாப்பிள்ளை பொண்ணு வீட்டுலயே தங்குறதுதான் பழைய வழக்கம். ஆக மாப்ள, வீட்டோட மாப்பிள்ளை, வீடு உன் பேருல இல்ல, நெலம் உன் பேருல வரவே வராது, தங்கமும் நீ குடுத்தது. பேசுனது மாமியாரு, அதுவும் உனக்குப் புரியாத பாஷையில.

நம்ம அப்பத்தா காலத்துலயும் பரிசம் போட்டுத்தான் பொண்ணு எடுத்தோம். என்னமோ நடுவுல கட்சி மாறிட்டோம். உங்க ஆத்தா, என் தங்கச்சி, போன வாரம் வந்து 'பாங்காக் வேலைன்னா அம்பது பவுனுக்குக் கொறையாம கேக்கலாம்ணே'ன்னு திண்ணையில விரல் விட்டு எண்ணிட்டுப் போனா. இப்ப நீ உக்காந்திருக்குற அதே எடந்தான். அதனால அங்க எந்தப் பொண்ணையாச்சும் புடிச்சிருந்தா, ஆத்தாகிட்டப் போன்ல சொல்லிராத. மொதல்ல எனக்குச் சொல்லு. நான் ராமநாதபுரத்துலேருந்து மொதப் பஸ்ஸைப் புடிச்சு உங்க வீட்டுக்கு வந்து, அவளுக்கு எதிர்த்தாப்புல நாற்காலியைப் போட்டு உக்காந்து, காப்பி வாங்கிக் கையில வச்சுக்கிட்டு உனக்கு மிஸ்டு கால் குடுக்குறேன். அதுக்கப்புறம் நீ அவளைக் கூப்பிட்டு, பவுனு இங்கேருந்து போகணும்னு சொல்லு.